சவுக்கு மரத்தடி

வீரய்யாவிடம் மீன்பிடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நுவரெலியா ஹோட்டல்களிலிருந்து வேனில் அக்கரப்பத்தனைக்கு வந்து இறங்குவார்கள். துரைமார் காலத்தில் ஆற்றில் விட்ட ட்ரவுட் மீன் எந்தக் கல்லடியில் நிற்கும், எந்த வெயிலுக்கு மேலே வரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆற்றின் ஒரே ஒரு ஆழமான மடுவுக்கு மட்டும் யாரையும் கூட்டிப்போக மாட்டான். அங்கே மீன் இல்லை என்று சொல்லிவிடுவான். அந்த ஆற்றின் பெரிய மீன்களெல்லாம் அங்கேதான் இருந்தன.

2003 பெப்ரவரியில் ஒரு காலை, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கி அவனைத் தேடி வந்தார். பெயர் குணபூசணி, யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற ஆசிரியை. கையில் மீன்பிடி பெர்மிட் இருந்தது. தூண்டில் இல்லை.

"கம்பு கொண்டாரலீங்களாம்மா?"

"நான் மீன் பிடிக்க வரேல்லைத் தம்பி. பெர்மிட் இல்லாட்டி தோட்டத்துக்குள்ளாலை ஆத்தங்கரைக்கு விடமாட்டினமாம். அதுதான் எடுத்தனான். மேலையிருந்து கீழை வரைக்கும் ஒருக்கா நடந்து பாக்கவேணும்."

நடக்க நடக்க அவரே சொன்னார். அவருடைய தம்பி நாகரத்தினம் இங்கே கணக்கு வாத்தியாராக இருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் தங்கியிருந்த அறையிலிருந்து காடையர்கள் அவரை இழுத்துப் போனார்கள். ஆற்றில் போட்டதாக யாரோ சொன்னார்கள். தேடி வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு யுத்தம், யாழ்ப்பாணப் பாதையும் பூட்டு. இப்போதுதான் திறந்திருக்கிறது.

"அம்மாவுக்கு எண்பத்தாறு வயசு. இண்டைக்கும் அவனுக்கு ஒரு கோப்பையிலை சோறு போட்டு மூடி வைக்கிறா. செத்திட்டான் எண்டு சொல்ல என்னட்டை என்ன இருக்கு?"

வீரய்யா முன்னே நடந்தான்.

"இடக்கையிலை சின்னிவிரல் இல்லை அவனுக்கு. சின்னனிலை கிணத்துக் கப்பியிலை நசிஞ்சது."

அவன் கால் நின்றுவிட்டது.

அந்த ஆடியில் தொழிலாளர் குடியிருந்த லயம் எரிந்துகொண்டிருந்தது. வீரய்யாவோடு நாற்பது பேர், அவன் இன்று யாரையும் கூட்டிப்போகாத அந்த மடுவுக்கு மேலே தேயிலைக்குள் படுத்துக் கிடந்தார்கள். விடியும்போது ஒரு உடல் கல்லில் செருகிக் கிடந்தது. குப்புற, இடது கை மட்டும் கல்லின் மேல். நான்கு விரல்கள். எதிர்க்கரையில் காடையர்களின் பேச்சுக்குரல் கேட்டது. காகங்கள் கூடத் தொடங்கின. காகத்தைப் பார்த்து அவர்கள் இக்கரைக்கு வந்தால் நாற்பது பேரும் முடிந்தோம் என்று நினைத்து வீரய்யா ஊர்ந்து இறங்கினான். நீண்ட கம்பால் தள்ளினான். உடல் கழன்றது. கழலும் முன் அந்தக் கை கல்லை ஒருமுறை இறுக்கிப் பிடித்தது போல இருந்தது. தண்ணீரின் இழுப்பாகவும் இருக்கலாம். இருபது வருஷமாக அவனுக்கு அது தெரியவில்லை. மீன் கடித்துத் தூண்டில் கயிறு விறைக்கும் போதெல்லாம் உள்ளங்கை கூசும்.

"கண்டனீங்களோ தம்பி?"

"கண்டேம்மா."

"அப்ப உயிர் இருந்ததோ?"

"இல்லம்மா." அதற்குப் பிறகு வந்த சொற்கள் தாமாகவே வந்தன. "நாங்க நாலு பேரு சேந்து பொதச்சோம்."

"எங்கை?"

கரையில் தனியாக ஒரு சவுக்கு மரம் நின்றது. அதைக் காட்டினான்.

குணபூசணி அழவில்லை. மரத்தடியில் உட்கார்ந்தார். "தலை எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கம்."

அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பிடி மண் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வீரய்யா வாய் திறந்தான்.

"அம்மா..."

"அந்தப் பயத்துக்குள்ளையும் அவனை நாய் நரிக்கு விடேல்லை நீங்கள்," என்று அவர் அவனது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார். அவன் வாய் மூடிக்கொண்டது.

சித்திரையில் கடிதம் வந்தது. கீரிமலைக் கடலில் மண்ணைக் கரைத்து அந்தியேட்டிக் கிரியை முடித்தார்களாம். அம்மா சோறு மூடி வைப்பதை நிறுத்திவிட்டாராம். வீரய்யாவின் பெயருக்கும் கோயிலில் ஒரு அருச்சனை செய்தார்களாம். அவன் மனைவி பூரணி அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். எல்லாம் அறிந்தவள் அவள். அன்று தேயிலைக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தவள். கடிதத்தை மடித்து வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைக் கூட்டிப் போனான். நல்ல மீன்கள் கிடைத்தன. மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவர்கள் சவுக்கு மர நிழலுக்கு நடந்தார்கள்.

"அங்க வேணாம்," என்றான் அரைகுறை இங்கிலீஷில். "அங்க ஆள் இருக்கு."

அவர்கள் மரத்தடியைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். பிறகு வெயில் சுட்ட பாறையில் வந்து உட்கார்ந்தார்கள். வீரய்யாவும் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ரொட்டியைப் பிய்த்தான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.