ஜாடிக்குள் வெண்ணெய்

அறுவடைக்கு நன்றி சொல்லும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குப் பாலர் வகுப்பிலேயே வெண்ணெய் எடுக்கலாம் என்று டீச்சர் மார்லா சொல்லியிருந்தாள். க்ரீம் ஊற்றி இறுக மூடிய ஜாடியைப் பிள்ளைகள் ஆளுக்கு இருபது முறை குலுக்கிக் கைமாற்றினார்கள். பாதி வகுப்பைத் தாண்டியதும் களக்களக்கென்ற சத்தம் நின்றுபோனது.

"டீச்சர், இது செத்துப்போச்சு," என்றான் ஹென்ரிக்.

மார்லா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். அவளும் குனிந்து பார்த்தாள்; க்ரீம் கெட்டியாகி ஜாடியோடு ஒட்டி நின்றது.

"நீங்க யாருமே சரியா குலுக்கல. இங்க குடு," என்று டெல்ஃபின் ஜாடியைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு குதித்தாள். வகுப்பே சேர்ந்து குதித்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே தொப்பென்று ஏதோ விழுந்தது. மோருக்கு நடுவே மஞ்சளாக ஓர் உருண்டை.

சோள ரொட்டியில் அதைத் தடவித் தின்றபடி டெல்ஃபின் கேட்டாள்: "அப்ப மாடு குதிச்சா உள்ளேயே வெண்ணெய் வந்துடுமா டீச்சர்?"

மார்லாவுக்குச் சிரிப்புதான் வந்தது.