கொப்பரைக்குக் கீழே

தம்பியின் முதுகை நினைத்தாலே யாத்விகாவுக்கு வயிறு எரிந்தது. தேர்தல் முடிவு பித்தலாட்டம் என்று தெருவில் சும்மா நின்றதற்கு மூன்று நாள் உள்ளே வைத்துக் கத்தரிக்காய் நிறத்தில் வீங்க வைத்து அனுப்பியிருந்தார்கள். அப்படியும் அந்தத் தம்பி விதோல்ட், இருவரும் வேலை பார்க்கும் இரும்பு வார்ப்புப் பவுண்டரிக்கு வந்து, ஒருவரும் கல்லைத் தொடக்கூடாது, விதிப்படியே வேலையை நிறுத்துவோம் என்று ஆள் சேர்த்தான்.

கிரேனில் சுமை தொங்கும்போது கீழே ஆள் இருந்தால் அசைக்கக் கூடாது. சுவரில் சிவப்பெழுத்தில் எழுதியிருக்கிற விதி. கிரேன் ஓட்டும் யாத்விகா உருகிய இரும்புக் கொப்பரையைத் தூக்கியதும் பதினாறு பேர் அடியில் போய் நின்றுவிடுவது. அவ்வளவுதான் திட்டம்.

"கைகட்டி நின்னா நாட்ட ஆள்றவன் நாற்காலிய விட்டு எறங்கிடுவானாடா?" என்று வீட்டில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள். "ஒன்ன அடிச்சவனுங்க கையைக் கட்டிக்கிட்டா அடிச்சானுங்க?"

"நீ மேல உக்காந்திரு அக்கா. அது போதும்" என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தாள். கீழே பதினாறு தலைக்கவசம். நேமன் ஆற்றங்கரையில் அந்தப் பவுண்டரி வந்த நாளாக அப்படி ஓர் அமைதி அங்கே இருந்ததில்லை. அரை மணிக்குள் கறுப்புச் சீருடைப் போலீஸ்காரர்கள் தடிகளோடு நுழைந்தார்கள்.

உருகிய இரும்பு ஆறிக் கல்லாகிவிட்டால் பவுண்டரிக்காரர்கள் அதைக் 'கெடா' என்பார்கள். ஆனால் அந்த நாட்டில் ஒருத்தனைக் கெடா என்று சொன்னால் அதைவிடக் கெட்ட வசவு கிடையாது. உலைக்காரர் சாஸ்லாவ் அதிகாரியிடம் போய், "இப்படியே நின்னா கெடாதான் சார்" என்று பணிவாகத்தான் சொன்னார். தடி வாயில் விழுந்தது. யாத்விகாவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அப்படிச் சிரிக்க வைத்ததற்காகவும் அவன்களை வெறுத்தாள்.

முதலில் பதினைந்து பேரை இழுத்துப் போனார்கள். யாரும் திருப்பிக் கை ஓங்கவில்லை. கடைசியாக விதோல்ட். அதே முதுகில் அடித்தார்கள். நாலாவது அடியில் அவன் உடைந்தான். வாசலிலிருந்து கத்தினான்:

"ஊத்து அக்கா! இவனுங்க மேல ஊத்து!"

கொப்பரைக்குக் கீழே இப்போது ஆறு கறுப்புச் சீருடைகள் மட்டுந்தான் இருந்தன. அவள் கை நெம்புகோலில் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் பழகிய கை. இரண்டு விரல் அளவு தள்ளினால் போதும். தள்ள வேண்டும் போல அந்தக் கை துடித்தது. தடுத்தது இரக்கமெல்லாம் இல்லை. சாயங்காலமே தொலைக்காட்சியில் இந்த ஆறு பேருக்கு மாலை போட்டு அழுவான்கள், விதோல்டின் முதுகும் சாஸ்லாவின் பல்லும் இல்லாமலே போய்விடும். இவன்களுக்கு இந்தப் பரிசையும் நானே கொடுக்கணுமா?

கையை எடுத்து மடியில் வைத்தாள். அது அடங்க மறுத்தது. அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்களை அவசரமாக விலக்கினான். அண்ணாந்து கத்தினான்.

"இப்ப கீழ யாரும் இல்ல. ஓட்டு."

இனிச் சொல்ல விதி ஒன்றும் இல்லை.

"மாட்டேன்" என்றாள்.

தம்பியின் பேரைச் சொல்லி மிரட்டினான். அவள் கூண்டுக் கதவை உள்ளே தாழிட்டாள். கதவை உடைத்து அவளை இறக்குவதற்குள் கொப்பரை இரும்பு முழுவதும் இறுகிவிட்டது.

அவளைப் பார்த்து மற்றவர்களுக்குப் பயம் வரட்டும் என்று பக்கத்துக் கடைசல் கூடத்தின் வழியாக நடத்திப் போனார்கள். அங்கே எல்லா எந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது எந்திரம், நாற்பது பேர். ஒரு தலை நிமிரவில்லை. தடிக்காரன்கள் மேல் வராத கோபம் அவளுக்கு அங்கே வந்தது.

"எங்க முதுகு போச்சு, எங்க பல்லு போச்சு. ஒங்க கையாவது ஒங்களோடதா இருக்கா?" என்றாள். கத்தக்கூட இல்லை.

எங்கோ ஓர் எந்திரம் முனகி நின்றது. ஒன்றே ஒன்று. நிறுத்தியது யாரென்று அதிகாரி திரும்பித் தேடினான். எல்லாத் தலைகளும் குனிந்தே இருந்தன. அவளுக்கும் தெரியவில்லை. ஒன்று போதாது என்று மட்டும் தெரிந்தது. நாசமாய்ப் போகிறவர்களே, இன்னும் முப்பத்தொன்பது இருக்கிறதே என்று திட்டிக்கொண்டே நடந்தாள்.