குணமான மாடுகள்

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். விழுப்புரத்தில் எங்கள் பால் கம்பெனி அலுவலகத்தில் அந்தப் புதிய செயலியைத் திரையில் போட்டுக் காட்டியபோதும் வந்தது. நோயில் விழுந்த மாட்டின் விவரங்களை அது கேட்கும். பிறகு இதேபோல் முன்பு எந்த ஊரில் எந்த மாடு விழுந்தது, என்ன வைத்தியம் பார்த்தார்கள், முடிவு என்ன ஆயிற்று என்று பழைய கதைகளைத் தேடி எடுத்து வரிசையாகக் காட்டும். குணமானதற்குப் பச்சை, ஆகாததற்குச் சிவப்பு. திரை முழுக்க நாற்றங்கால் மாதிரி ஒரே பச்சை.

"பழைய அனுபவம் எல்லாம் இனிமே உங்க கையிலயே இருக்கும் சித்ரா மேடம். நீங்க புதுசா மண்டைய ஒடைச்சிக்க வேணாம்," என்றான் அதைத் தயாரித்த கோகுலகிருஷ்ணன்.

மண்டையை உடைத்துக்கொள்வதற்குத்தானே எனக்குச் சம்பளம்! கன்று போட்டுவிட்டுப் படுத்து, முதல் பாட்டில் மருந்துக்கும் எழாத மாடுகளில் முக்கால்வாசி எழுந்து நின்றதாக எந்த மாட்டு டாக்டரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. அந்தப் பழைய வைத்தியமெல்லாம் எனக்கு முன்னால் திண்டிவனத்தில் இருந்த டாக்டர் ஆனந்தராஜ் பார்த்தது. வேலையை விட்டுப் போகிறவர், நல்ல பெயருக்காகக் கொஞ்சம் அளந்துவிட்டிருக்கிறார் என்று அப்போதே முடிவு கட்டினேன்.

மறு வாரமே கோவிந்தம்மாளின் செவலை படுத்துவிட்டது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். கோவிந்தம்மாளுக்குப் புருஷன் இல்லை, பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அந்தச் செவலை கறக்கும் பாலில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. கன்று போட்ட மறுநாள் மாடு படுத்துவிட, நான் போய்க் கால்சியம் பாட்டில் ஏற்றினேன். அதற்கு அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை.

"நைட்டெல்லாம் பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன் டாக்டரம்மா. காப்பாத்திக் குடுத்துடுங்க," என்றாள்.

வேண்டாவெறுப்பாகச் செயலியைத் திறந்து விவரங்களைக் கொடுத்தேன். கிட்டத்தட்ட இதேபோல் இருந்த மாடுகள் என்று சிலவற்றைக் காட்டியது. மேலே இருந்ததெல்லாம் பச்சை. எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்: இன்னொரு பாட்டில் கால்சியம். கடைசியில் ஒரே ஒரு சிவப்பு, மேல்சித்தாமூர் மாடு. அதற்கு ஆனந்தராஜ் பாஸ்பரஸ் ஊசி போட்டிருந்தார். 'இந்த முறையைத் தவிர்க்கவும்' என்று பக்கத்தில் ஓர் அறிவுரை வேறு.

இரண்டாவது பாட்டிலை யோசிக்காமல் ஏற்றினால் மாட்டின் இதயமே நின்றுபோகலாம். அந்தப் பச்சையை நம்பி ஏற்றுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் பக்கத்தில் சொந்தக்காரர் நம்பர் இருந்தது; அவர்களையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு நான் மாட்டைச் சோதித்துக்கொண்டிருந்ததால், கோவிந்தம்மாளையே போனைப் பிடிக்கச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன்.

முதல் பச்சை தாண்டவராயன் என்பவருடையது.

"மாடா? நல்லா இருக்குதுங்க," என்றார் சட்டென்று.

"பால் எவ்ளோ கறக்குதுங்க?"



"அது… அன்னைக்கு சாயந்திரமே செத்துப் போச்சுங்க."

"அப்ப ஏங்க ஆனந்தராஜ் டாக்டருக்குச் சொல்லல?"

"அவுரு சட்டையெல்லாம் சாணி ஆக்கிக்கினு அவ்ளோ பாடுபட்டாரு. அந்த மனுசனுக்குப் போன் போட்டு மாடு செத்துப் போச்சுன்னு எப்டிங்க சொல்றது? மரியாதையா இருக்குமா?"

அடுத்தது சுப்பராயலு. அவர் மாடு உயிரோடு இருக்கும்போதே அடிமாட்டு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். அவரும் டாக்டரிடம் சொல்லவில்லை. "அவுரு மனசு கஷ்டப்படும்ல," என்றார். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் எடுத்து, செத்ததை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கோவிந்தம்மாள் போனைக் கீழே இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து கோகுலகிருஷ்ணனைப் பிடித்தேன்.

"குணமாச்சுன்னு யாருப்பா எழுதினது? ஆனந்தராஜா?"

"அவரு வைத்தியத்தை மட்டுந்தான் எழுதுவாரு மேடம். ரிசல்ட் சிஸ்டமே போட்டுக்கும். ஊசி போட்ட அப்புறம் திரும்பப் போன் வரலைன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம். திரும்பத் திரும்பப் போன் வந்தா வைத்தியம் கேக்கலைன்னு அர்த்தம்."

விழுப்புரத்தில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது சரியாகத்தான் தோன்றியிருக்கும். இந்தப் பக்கத்தில் மாடு செத்தால் ஒருவரும் டாக்டரைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே! ஆனந்தராஜை அநியாயமாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. கூடவே இன்னொரு சந்தேகமும் வந்தது. பச்சை எல்லாம் பொய் என்றால், சிவப்பு?

மேல்சித்தாமூருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பெயர் அப்பாண்டைராஜ்.

"மாடா? தோ, எதுருலதான் நின்னுக்கினு மேயுது. கேக்குதா சத்தம்?" என்று போனை மாட்டுப் பக்கம் நீட்டினார். கேட்டது.

"நாங்க ஜைனருங்கம்மா. அடிமாட்டுக்குக் குடுக்க மாட்டோம். எழுந்தாலும் சரி, எழுந்திரிக்காட்டியும் சரி, பாத்துத்தானே ஆவணும்? கால்சியத்துக்குக் கேக்கலன்னு ஆனந்தராஜ் டாக்டரு பாஸ்பரஸ் போட்டாரு. வைக்கோல மெத்தையாட்டம் பரப்பி, பக்கம் மாத்தி மாத்திப் பொரட்டிப் போட்டோம். கால ஒதறுச்சா, போன் போடுவேன். தண்ணி குடிக்கலியா, போன் போடுவேன். அவருக்கே பேஜாராயிருக்கும். ஒரு வாரத்துல எழுந்து நின்னுச்சும்மா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிழைத்த ஒரே மாட்டைச் சிவப்பில் போட்டுத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது! பாஸ்பரஸ் ஊசி என் பையில் இல்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, வேற மருந்து வாங்கினு ஜல்தியா வந்துடறேன். அதுவரைக்கும் வைக்கோல் போட்டுப் பொரட்டிப் போட்டுக்கினே இருங்க," என்றேன்.

"சரிங்கம்மா," என்றாள் கோவிந்தம்மாள். அந்த 'சரி'யைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திண்டிவனத்தில் முதல் கடையில் மருந்து இல்லை, அடுத்ததிலும் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் கிடைத்தது. வாங்கிக்கொண்டு வண்டியை முறுக்கினேன். இந்த ஒரு மாட்டைக் காப்பாற்றிவிட்டு விழுப்புரம் போய், அந்தப் பச்சையையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டுகிறேன் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே வந்தேன்.

திரும்பி வந்தபோது கொட்டகை கழுவிவிட்டிருந்தது. கன்றுக்குட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்கம்மா. டீ போடறேன்," என்றாள் கோவிந்தம்மாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"செவலை எங்கக்கா?"

"குடுத்துட்டேன். வண்டி போய் ரொம்ப நேரம் ஆச்சு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"வெயில்ல மருந்துக்கு அலைஞ்சிக்கினு இருந்தீங்க. உங்களுக்குப் போய் எப்டிம்மா சொல்றது?"

மருந்துப் பெட்டியை நீட்டினேன். மேல்சித்தாமூரில் இதே மருந்தில் ஒரு மாடு எழுந்து நின்றதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுந்துச்சா?"

"எழுந்துச்சுக்கா. மருந்துக்குப் போறதுக்கு முன்னாடிதான் அந்த மாட்டுக்காரர்கிட்ட பேசினேன்."

"அத்த நீங்க தெருவுல நின்னுதானே பேசினீங்க? செத்ததையெல்லாந்தான் என் கையில போனக் குடுத்துக் கேக்க வச்சீங்க. டாக்டரம்மாவுக்கே நம்பிக்க இல்லன்னு நெனச்சிட்டேம்மா."

கன்றுக்குட்டி கயிறு எட்டும் வரை வந்து நின்று கத்தியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் அதற்கு எதைக் கொடுப்பது என்று கேட்டாள். பக்கத்து வீட்டு மாட்டுப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, வெதுவெதுப்பாகக் கொடுக்கச் சொன்னேன்.