அண்ணன் வாங்கித் தந்த வேலை

வரும் பத்திரிகைகளில் நூலக முத்திரையைக் குத்தி அடுக்கில் வைப்பது நூலகரின் வேலை. கிறிஸ்டினா அந்தக் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்த ஒன்பதாம் நாள், தன்னைப் பற்றிய பொய்யின் மேல் தன் கையாலேயே முத்திரை குத்தினாள். குத்திய பிறகுதான் படித்தாள்.

'தென்புற முழக்கம்' என்பது தாம்பரம் வட்டாரத்தில் சனிக்கிழமைதோறும் வீட்டு கேட்டுக்குள் விசிறி எறியப்படும் இலவசப் பத்திரிகை. எட்டுப் பக்கம். ஆறரைப் பக்கம் மனை விற்பனை விளம்பரம். மீதி ஒன்றரைப் பக்கம் மனை விற்றவர்களின் புகழ். அந்த வாரம் முதல் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு படம். மனை விற்றுப் பெரிய மனிதரான சேலையூர் சம்பந்தம் அண்ணன், கிறிஸ்டினாவின் கையில் ஒரு கவரைக் கொடுக்கிறார். அறுபத்தெட்டு வயதிலும் ஊருக்கெல்லாம் அவர் அண்ணன்தான். மேலே கொட்டை எழுத்தில், 'ஏழைக் கூலித் தொழிலாளி மகளுக்குக் கல்லூரி வேலை வாங்கித் தந்த வள்ளல்'. கீழே, அந்தப் பெண் கண்ணீர் மல்க அண்ணனின் காலில் விழுந்து ஆசி பெற்றதாக ஒரு பத்தி.

அவள் அழவில்லை. யார் காலிலும் விழவில்லை. எழுத்துத் தேர்வில் முதலிடம், நேர்காணலிலும் முதலிடம். அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் ஆறு வருடம் தூசி தட்டியிருக்கிறாள். அப்பா சவுரிமுத்து டைல்ஸ் மேஸ்திரி. அவருக்குக் கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

படம் மட்டும் நிஜம். அதுதான் பேஜார். அன்று அண்ணன் கல்லூரிக்கு வந்தது, தாம் நன்கொடையாகக் கொடுத்த குடிநீர் இயந்திரத்தைத் திறந்துவைக்க. இயந்திரத்தைவிட அதன் மேல் அவர் பெயர் பொறித்த பலகை பெரியது. ரிப்பன் வெட்டி, பொன்னாடை போர்த்தி, முந்திரி பக்கோடாவும் தின்று முடித்த பிறகும் அண்ணன் கிளம்பவில்லை, போட்டோக்காரரும் கிளம்பவில்லை. சிறப்பு விருந்தினர் சும்மா உட்கார்ந்திருந்தால் கல்லூரி முதல்வர் ஏகநாதனுக்குக் கை அரிக்கும். மேஜையில் கிறிஸ்டினாவின் நியமன ஆணை கிடந்தது. வெளியே பெஞ்சில் அவளே கிடந்தாள். கூப்பிட்டார், அண்ணன் திருக்கரத்தால் கொடுக்கவைத்தார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

அந்தச் சிரிப்புதான் இப்போது சாட்சி. நேர்காணலில் இரண்டாவதாக வந்தவர் சும்மா இருப்பாரா? சிபாரிசில் நடந்த நியமனம் என்று எழுதி, செய்தியைக் கத்தரித்து இணைத்து, கல்வித் துறை மேலிடத்துக்கு மனுப் போட்டுவிட்டார். அது அரசு உதவி பெறும் கல்லூரி; மேலிடத்து ஒப்புதல் வந்தால்தான் வேலை வேலை. பதினைந்து நாளில் தக்க விளக்கம் வராவிட்டால் நியமனம் ரத்து என்று கல்லூரிக்குக் கடிதம் வந்தது.

நடந்ததை நீங்களே எழுதி அனுப்பலாமே என்று முதல்வரிடம் கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நான் எழுதினா அண்ணன் மனசு கஷ்டப்படும்மா. பேப்பர்லயே மறுப்புன்னு ஒண்ணு வந்துட்டா, அதை வெச்சு நான் அனுப்பிடறேன்."

குரோம்பேட்டையில், ஜிஎஸ்டி ரோட்டில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது 'முழக்கம்'. ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர் எல்லாம் ஷ்யாம்சுந்தர் ஒருவரே. மதிப்பெண் பட்டியலை மேஜையில் பரப்பி அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பாராட்டுச் செய்திக்கு மறுப்புக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார்.

"யார் சொன்னாங்க உங்களுக்கு, நான் கால்ல விழுந்தேன்னு?"

"மேடம், நியூஸை அவங்களே டைப் பண்ணி வாட்ஸப்ல அனுப்பிடுவாங்க. நாங்க கமா மட்டும் போடுவோம்."

"ஒரு போன் பண்ணி என்கிட்ட கேட்டிருக்கலாமே சார்?"

"உங்களைத் திட்டி எழுதியிருந்தா கேட்டிருப்பேன்." அண்ணன் சொன்னால் மறுப்புப் போடத் தயார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் கேம்ப் ரோட்டு வீட்டில் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார். எதிரே சுவரில் அந்த முதல் பக்கம், இதற்குள்ளாகவே சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. கிறிஸ்டினா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"நான் வாங்கிக் கொட்த்தேன்னு நாலு பேர் சொன்னா உனக்கு இன்னாம்மா கொறஞ்சு பூட்ச்சு? உங்கப்பன் நம்ம கயனில ஏர் ஓட்டி வளந்தவன். நீ நம்ம வூட்டுப் பொண்ணு."

"நீங்க வாங்கிக் கொடுத்தீங்களா சார்?"

ஊரே அண்ணா என்று கூப்பிடும்போது இவள் சார் என்றது அவருக்குக் கசந்திருக்க வேண்டும். ஊஞ்சல் நின்றது.

"உனுக்கு நல்லது நடக்கணும்னு மனசுல நெனச்சேன். நட்ந்துச்சு."

"நான் படிச்சேன். அதனால நடந்துச்சு."

"செரி, இந்த வேலை போனா போவட்டும், வுடு. வேற ஒண்ணு வாங்கித் தரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வெளியேறினாள். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். அவர் அதை நம்பிவிட்டார். அவள் வருடக்கணக்காக விடிகாலையில் எழுந்து படித்ததெல்லாம், இந்த மனிதர் ஊஞ்சலில் ஒரு நாள் நினைத்ததற்குள் அடங்கிப்போயிற்று.

வீட்டு வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். செய்தி வந்த நாளிலிருந்தே இந்தக் கூட்டம். எங்கள் பெண்ணுக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று வருவார்கள். அப்பா கையைப் பிசைந்து திருப்பி அனுப்புவார். அன்றும் கிறிஸ்டினா, பரீட்சை எழுதித்தான் வேலை கிடைத்தது என்று பொறுமையாகச் சொன்னாள். அடுத்த தெரு முனியம்மா நக்கலாகச் சிரித்தாள்.

"கெட்ச்சப்புறம் எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்கோ. பேப்பர்லயே போட்டுக்கீதே."

கிறிஸ்டினா அவள் பக்கம் திரும்பினாள்.

"சரிக்கா. இப்பதான் அவர் வூட்லேர்ந்து வரேன். வேலை வாங்கித் தரேன்னு என்கிட்டயே சொன்னார். நேரா அவர்கிட்டயே போங்க."

அன்றிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் முதலில் உண்மையைச் சொன்னாள். நம்பாதவர்களுக்குச் செய்தியின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்து, கேம்ப் ரோட்டுக்கு வழி சொன்னாள். ஒருவர்கூட உண்மையை நம்பவில்லை. பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் நடந்துபோனது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது அவள் இல்லை.

நாலாம் நாள் அண்ணன் வீட்டு கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் வரிசை. பீர்க்கன்கரணையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் பின்வாசலால் போய்வர ஆரம்பித்தார். அதையும் சமாளித்திருப்பார், ஆனால் ஆறாம் நாள் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு விண்ணப்பம் வந்தது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு மூன்று வருடமாகப் படுத்துக்கிடக்கும் தன் தம்பி மகனை அண்ணனின் மனைவி கோகிலவாணி ஊஞ்சலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணனுடைய டிரைவர் கிறிஸ்டினாவின் அப்பாவிடம் சொன்னபடி, அந்த அம்மாள் கேட்டது இவ்வளவுதான்:

"மேஸ்திரி பொண்ணுக்கு முடியும், என் தம்பி புள்ளைக்கு முடியாதா?"

முடியாது, தனக்கு அந்தக் கல்லூரியில் ஒரு பியூனைக்கூடத் தெரியாது என்று அண்ணன் மனைவியிடம் சத்தியம் செய்தாராம். அந்த அம்மாளும் நம்பவில்லை. பேப்பரைக் காட்டினாராம்.

மறுநாள் காலை ஷ்யாம்சுந்தர் போன் செய்தார். குரலில் திடீர் மரியாதை.

"மேடம், அண்ணன் அர்ஜென்ட்டா மறுப்புப் போடச் சொல்லிட்டார். உங்க மார்க் டீடெயிலை நீங்களே டைப் பண்ணி அனுப்பிடுங்க."

கமாவையும் அவளே போட்டு அனுப்பினாள்.

சனிக்கிழமை வந்தது. முதல் பக்கம், அதே படம், அதே அண்ணன். 'பொய்ப் புகழை உதறித் தள்ளிய சேலையூர் உத்தமர்.' தமக்குத் துளியும் தொடர்பில்லாத நியமனத்தின் பெருமையை ஏற்க மறுத்த அண்ணனின் நேர்மையை நாடே வியக்கிறதாம். அந்த நேர்மைக்கெல்லாம் அடியில், பொடி எழுத்தில், அவள் அனுப்பிய நாலு வரி: பெயர், மதிப்பெண், முதலிடம், எவர் சிபாரிசும் இல்லை. அவளைப் பற்றிச் சொன்ன பொய்யிலும் மாலை அவருக்கு. அந்தப் பொய்யை வாபஸ் வாங்கியதிலும் மாலை அவருக்கு. கிறிஸ்டினா முத்திரையை மேஜை அதிரக் குத்தினாள். பிறகு அந்த நாலு வரிக்காகப் பிரதி எடுத்து முதல்வரிடம் கொடுத்தாள். பதினைந்து நாளில் அது பதிமூன்றாம் நாள்.

ஒப்புதல் அடுத்த மாதம் வந்தது. ஏகநாதன் அவளைக் கூப்பிட்டு உறையைக் காட்டினார், கொடுக்கவில்லை. முகமெல்லாம் மலர்ச்சி. வருகிற புதன்கிழமை சைக்கிள் ஷெட் திறக்க அண்ணன் வருகிறாராம். பத்திரிகையும் வருகிறதாம்.

"ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் இல்லேன்னு தெரிஞ்ச மாதிரியும் ஆச்சு. அவர் கையால வாங்கிக்கம்மா."

கிறிஸ்டினா மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவுமில்லை. ஏகநாதன் கூரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் அந்தக் கையையும் பார்த்தார். கொடுத்தார்.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.