கருப்புத் திரை வேண்டாம்

ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள்கூட ஒரே உயரம் இருப்பதில்லை. ஒரே மெஷினில் கடைந்த பின்கள் மட்டும் எப்படி இருக்கும்? செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, முந்தின நாள் அளவுகளைத் தன் கம்ப்யூட்டரில் திறந்த சத்யப்ரியாவுக்கு முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று தோன்றியது. 11.982. அதற்குக் கீழே 11.982. மவுஸை உருட்ட உருட்ட அதே எண் வந்துகொண்டே இருந்தது. திங்கட்கிழமை மதியம் இரண்டு நாற்பதிலிருந்து ஷிப்ட் முடியும்வரை பரிசோதித்த நானூற்று எண்பது பின்களும் அச்சு அசலாக ஒரே அளவு. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

சூளகிரியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் முளைத்த புதுத் தொழிற்சாலை அது. பைக்குகளின் பிரேக் ஷூவைப் பிடித்து நிறுத்தும் விரல் நீளப் பின்னைத்தான் அங்கே செய்தார்கள். 11.95 மில்லிமீட்டருக்குக் கீழே மெலிந்தால் பின் ஆடும், பின் ஆடினால் பிரேக் எப்போது பிடிக்கும் எப்போது கைவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. சத்யப்ரியா கோவில்பட்டிப் பெண். தரப் பிரிவில் டிரெய்னி இன்ஜினியராகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒன்றாம் தேதி வேலை நிரந்தரமாகும் என்று வீட்டுக்குக்கூடச் சொல்லிவிட்டாள்.

அளவு பார்க்கும் புரோகிராம் அவள் எழுதியது. கேஜ் என்ற அளவுக் கருவியில் பின்னை வைத்து, காலால் பெடலை மிதித்தால், அளவு கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அவள் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தாள். பரிசோதனை மேசையில் இருந்த பழைய கம்ப்யூட்டரிலோ பைத்தான் கிடையாது, ஏற்றவும் அனுமதி கிடையாது. அதனால் புரோகிராமுக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டினாள். ஐகானைத் தட்டினால் போதும், எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும். ஊருக்குப் போகிறவருக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுக்கிற மாதிரிதான்.

மேசையில் உட்காருகிற கெம்பம்மா கெலமங்கலத்துக்காரி. கன்னடம் படித்தவள், நாற்பது வயது, ஆறு வருடமாக இதே வேலை. அவளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது சத்யப்ரியா ஒன்று சொன்னாள்: “நீங்க இனிமே கேஜைப் பாக்கவே வேண்டாம்க்கா. ஸ்கிரீனைப் பாத்தாப் போதும். பச்சைன்னா பெட்டில போடுங்க, சிவப்புன்னா ஒதுக்குங்க.” கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். இங்கே அது நான்கு நாள்கூடத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத் தொடக்கம் வைத்திருந்தார் தர மேலாளர் வெங்கடப்பன். மானிட்டர் மூலையில் சந்தனம் குங்குமம், கேஜுக்கு ஒரு முழம் சாமந்தி, கீழே எலுமிச்சம்பழம். கற்பூரம் ஏற்றியதும் சத்யப்ரியா ஐகானைத் தட்டினாள். முதலில் ஒரு கருப்புத் திரை திறந்தது. அதில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அதன் பிறகுதான் அவள் அழகாக வடித்த பச்சைக் கட்டம் வந்தது.

வெங்கடப்பன் முகம் சுருங்கியது. “ஏம்மா, நல்ல காரியம் ஆரம்பிக்கறப்போ மொதல்ல கருப்பா வருதே. அது வேணாம்மா. எடுத்துடு.”

“எனக்கும் அத பாத்தா பக்குங்குது மேடம். ஏதோ கெட்டுப் போச்சுன்னு தோணுது” என்றாள் கெம்பம்மா.

சத்யப்ரியா சிரித்துக்கொண்டே மாடிக்கு ஓடினாள். மூட்டை கட்டும் கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், கருப்புத் திரை வராது. பத்தே நிமிடத்தில் பென் டிரைவோடு இறங்கி வந்தாள். இரண்டாவது கற்பூரம் ஏற்றினார்கள், நேராகப் பச்சைக் கட்டம் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். மைசூர்பாகு தின்றுகொண்டே அவள் தன்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கருப்புத் திரையில்தான் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது என்பது அப்போது அவள் ஞாபகத்திலேயே இல்லை. கேபிள் வழியாக அளவு வராவிட்டால் புரோகிராம் நின்றுபோகக் கூடாது என்று, முந்தின பின்னின் அளவையே எடுத்துக்கொள்ளும்படி அவசரத்துக்கு எழுதி வைத்திருந்தாள். ‘அளவு வரவில்லை, பழைய அளவு’ என்று கருப்புத் திரையில் ஒரு வரி வரும். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டது. திரையை எடுத்ததும் அந்த வரி போய்விட்டது, பழைய அளவை எடுத்துக்கொள்ளும் புத்தி மட்டும் மூட்டைக்குள்ளேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் கீழே இறங்கியபோது டீ நேரம். மேசையில் ஆளில்லை, அன்றைக்கு அளக்கப் பின்கள் இன்னும் வரவில்லை, முந்தின நாள் மூடாமல் விட்ட புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். கேஜ் கேபிளின் முனை பாதி கழன்று தொங்கியது, துடைப்பம் பட்டிருக்கலாம். கேஜில் எதையும் வைக்காமல் பெடலை மிதித்தாள். பச்சை எரிந்தது. மறுபடியும் மிதித்தாள். காற்றைத்தான் அளந்துகொண்டிருந்தது அது, அதற்கும் 11.982, அதற்கும் பச்சை.

நானூற்று எண்பதும் ஆறு பெட்டிகளில் போய்விட்டன. ஒன்பதரைக்கு டிரைவர் செல்வத்தின் வேன் அவற்றை ஏற்றிக்கொண்டு கர்நாடகாவுக்குக் கிளம்பியிருந்தது. ஜிகணிப் பக்கத்து பைக் கம்பெனியில் மதியம் இறக்கினால் சாயங்காலத்துக்குள் வண்டிகளில் ஏறிவிடும். செல்வத்தின் செல்லுக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். ஓசூரைத் தாண்டினால் கர்நாடகா டவர் பிடித்து ரோமிங் ஏறும், வருகிற காலுக்கும் காசு போகும் என்று அந்த ரூட் டிரைவர்கள் எல்லோரும் முன்கூட்டியே அணைத்துவிடுவார்கள். அது தெரிந்தும் இன்னும் மூன்று தடவை அடித்தாள்.

வெங்கடப்பன் முழுவதையும் கேட்டார். பேனாவை மூடிவைத்தார்.

“பீஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. மெஷின் நேத்து நல்லா ஓடுச்சு. ஒருவேளை ஒண்ணு ரெண்டு இருந்தா அவங்க பாத்துக்குவாங்க.”

“அவங்க பாக்க மாட்டாங்க சார். நம்ம ரிப்போர்ட் போனா நேரா லைனுக்குத்தான் போவும்.”

“ரிப்போர்ட்ல யார் சீல்? கெம்பம்மா சீல். கேபிள் கழண்டதப் பாக்க வேண்டியது அவ. நீ எதுக்கு இத்தன பதட்டப்படறே? ஒண்ணாந்தேதி வருது. கொஞ்சம் யோசிச்சுப் பேசு.”

அவர் கெட்டவர் இல்லை. கம்பெனி தலைமேல் இடி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்று நம்புகிறவர். அவளுக்கும் ஒரு கணம் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் காற்றுக்குப் பச்சை எரிந்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று.

“போய்ட்டு வாரேன் சார்” என்று எழுந்தாள். எங்கே என்று அவர் கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

மணி பத்து முப்பத்தைந்து. எல்லையிலுள்ள ஜூஜுவாடி செக்போஸ்ட் முப்பது கிலோமீட்டர். வரிசை நீளமாக இருந்தால் வேன் அங்கே ஒரு மணி நேரமாவது நிற்கும். இல்லையென்றால் இந்நேரம் எல்லை தாண்டியிருக்கும். அவளுடைய ஸ்கூட்டி ஐம்பதுக்கு மேல் போனால் உடம்பெல்லாம் உதறும், அன்று உதறட்டும் என்று முறுக்கினாள். பக்கத்தில் டிரெய்லர்கள் உரசிக்கொண்டு போயின. எதிரே ஒரு பைக்கில் புருஷன், பெண்டாட்டி, டேங்க் மேல் ஒரு குழந்தை. அடுத்த பைக்கிலும் அதே மாதிரி மூன்று பேர். அன்றைக்கென்று ரோட்டில் பைக்கைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை போல அவளுக்குப் பட்டது.

ஓசூர் தர்கா ஸ்டாப்பிலேயே லாரி வரிசை தொடங்கியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக டிராஃபிக்கைப் பார்த்து அவள் சாமிக்கு நன்றி சொன்னாள். ஓரமாக ஓட்டிக்கொண்டே நம்பர் பலகைகளைப் படித்தாள். சிமென்ட், தக்காளி, கிரானைட், மறுபடி தக்காளி. வரிசை முடிகிற இடம்வரை வந்தும் கம்பெனி வேன் கண்ணில் படவில்லை. அப்புறம்தான் கவுன்டருக்குச் சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியில் ஒதுக்கியிருந்த நீல வேனைக் கண்டாள். செல்வம் காகிதங்களோடு கவுன்டர் முன்னால் நின்றான். அவனுக்கு முன் இரண்டே பேர்.

“செல்வண்ணே, சீல் போடாதீங்க. வண்டியத் திருப்பணும்.”

செல்வம் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “என்னாங்க மேடம், வெளையாடறீங்களா? ஒரு மணிக்குள்ள சரக்கு போவலன்னா அவங்க லைன் நின்னுடும். என் பொழப்புல மண்ணு விழுந்துடும்ங்க. சார் சொன்னாரா?”

“சொல்லல.”

“அப்பறம் எப்பிடிங்க திருப்பறது?”

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. அவனுக்கு முன்னால் இப்போது ஒருவர்தான்.

“உள்ள இருக்கற பின்னை நாங்க அளக்கவே இல்லண்ணே. அளந்தோம்னு பேப்பர் மட்டும்தான் போவுது. பிரேக்குல மாட்டறது.”

செல்வம் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். “எழுதிக் குடுங்க” என்றான். “நீங்க சொல்லித்தான் திருப்புனேன்னு. நாளைக்கி என்னைய யாரும் கேக்கக் கூடாது.”

செல்வம் நீட்டிய கேட் பாஸின் பின்பக்கத்தில், ஸ்கூட்டி சீட்டின் மேல் வைத்து எழுதினாள். ‘என் புரோகிராமில் உள்ள தவறால் இந்தப் பெட்டிகள் சரியாகப் பரிசோதிக்கப்படவில்லை. நான் சொல்லி வண்டி திரும்புகிறது.’ கையெழுத்து, பெயர், தேதி, மணி பதினொன்று முப்பது. கடைசி ஆளும் நகர்ந்து கவுன்டர்காரர் கை நீட்டியபோது செல்வம் காகிதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

வேனுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு அவள் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது ஒரு மணி. வண்டி திரும்பிய செய்தியை ஓசூரிலிருந்தே செல்வம் போனில் சொல்லிவிட்டிருந்தான். வெங்கடப்பன் கத்தப்போகிறார் என்று தயாராகத்தான் அறைக்குள் போனாள். அவர் உட்காரச் சொன்னார்.

“சரி விடு, சரக்கு வந்துடுச்சு. அவங்ககிட்ட வண்டி பிரேக்டவுன்னு சொல்லிட்டேன், நாளைக்குத் தந்தாப் போதும்னாங்க. விஷயம் முடிஞ்சுது.” மேசையிலிருந்த ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். ரூல் போட்ட நோட்டுத் தாள், கன்னட எழுத்து.

“என்ன சார் இது?”

“கெம்பம்மா குடுத்தது. நீ போனப்பறம் கீழ போய்க் கேபிளக் காட்டி விசாரிச்சேன்.” அவரே தமிழில் படித்தார். “‘கேஜைப் பார்க்காமல் விட்டது என் தப்பு. கம்ப்யூட்டர் சரியாகத்தான் காட்டியது. நான்தான் பின்னைச் சரியாக வைக்கவில்லை போல. இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த ஒரு தடவை மன்னிக்க வேண்டும்.’”

“யார் சார் எழுதச் சொன்னது?”

“சத்தியமா நான் சொல்லலம்மா. அவளா எழுதிக் கொண்டாந்து குடுத்தா.”

அவர் மிரட்டி வாங்கியிருந்தால்கூட அவளுக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தில் கொஞ்சம் தெம்பும் வந்திருக்கும். தானாக எழுதினாள் என்றதும் அவமானத்தில் காது கொதித்தது. கேஜைப் பார்க்காதே என்று சொன்னவள் சத்யப்ரியா. பொய்ப் பச்சை காட்டும் மூட்டையைக் கட்டியவளும் அவள். கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது, அப்படியென்றால் தான்தான் செய்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண் முடிவுகட்டி, மன்னிப்பும் கேட்டாயிற்று.

வாசலில் செல்வத்திடம் கேட்டு வாங்கி வந்திருந்த கேட் பாஸை எடுத்து மேசையில் வைத்தாள். “இதை ஃபைல்ல வைங்க சார். அதை என்கிட்ட குடுங்க.”

வெங்கடப்பன் இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தார். “இது உள்ள போனா ஒண்ணாந்தேதி உனக்கு ஆர்டர் வராதும்மா. இன்னும் ஆறு மாசம் டிரெய்னிதான். அப்பறமும் உறுதி சொல்ல முடியாது.”

“தெரியும் சார்.”

“கருப்புத் திரைய எடுக்கச் சொன்னது நான். அதையும் எழுதுவியா?”

“திரைய எடுக்கச் சொன்னீங்க. அதுல என்ன வந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது.”

அவர் கேட் பாஸை ஃபைலுக்குள் செருகினார். பிறகு நோட்டுத் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

கெம்பம்மா பரிசோதனை மேசையில், அணைத்த கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை, டிபன் பாக்ஸ் மூடியே இருந்தது. சத்யப்ரியா கம்ப்யூட்டரைப் போட்டு, ஒரு பின்னை வைத்து அளந்துவிட்டு, கேபிளைப் பிடுங்கி அவள் கையிலேயே கொடுத்தாள். கேஜிலிருந்து பின்னையும் எடுத்தாள்.

“மிதிங்கக்கா.”

கெம்பம்மா மிதித்தாள். பச்சை எரிந்தது. வெறும் கேஜைப் பார்த்தாள், கையிலிருந்த கேபிளைப் பார்த்தாள், மறுபடி மிதித்தாள்.

“ஒண்ணுமே வெக்கலியே” என்றாள்.

“ஆமாக்கா. நான் எழுதின லட்சணம் அது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.” தாளை நீட்டினாள்.

கெம்பம்மா அதைப் பிரித்து, வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போல மேலிருந்து கீழ்வரை படித்தாள். நான்காகக் கிழித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள்.

“காலைலேர்ந்து என் கையத்தான் திட்டிட்டு உக்காந்திருந்தேன்” என்றாள். அதைச் சொல்லும்போது சத்யப்ரியாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

பெட்டிகள் இறங்கி வந்தன. கெம்பம்மா டிராயரிலிருந்து, கையால் திருகி அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்துத் துணியால் துடைத்தாள். பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். “நான் படிக்கறேன், நீ எழுது” என்றாள். அதுவரை மேடம் என்று அழைத்தவள்.

முதல் பெட்டி முழுக்க நல்ல பின்கள். இரண்டாவதும் அப்படியே. வெங்கடப்பன் சொன்னதுதான் சரியோ, வீணாக எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோமோ என்று சத்யப்ரியாவுக்கு ஓடத் தொடங்கியிருந்தது. மூன்றாவது பெட்டியின் நடுவில் கெம்பம்மாவின் கை நின்றது. திருகைத் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பார்த்தாள்.

“பதினொண்ணு புள்ளி தொண்ணூத்தொண்ணு” என்றாள்.

சத்யப்ரியா எழுதினாள். கெம்பம்மா அந்தப் பின்னைச் சிவப்புத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். இருட்டுவதற்குள் அந்தத் தட்டில் முப்பத்தேழு பின்கள் சேர்ந்திருந்தன.