இருபத்தேழாவது கேள்வி

அம்மாவை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைந்த விரிப்பை உருவிக் கட்டிலுக்குக் கீழே போட்டாள் மகள். பின்வாசலில் அப்பா துணி துவைத்துக்கொண்டிருந்தார். துவைக்கத் தெரியாதவர் தண்ணீரோடு மல்லுக்கட்டும் சத்தம் அது.

"உங்கப்பா... சோப்புக்கு வந்த எமன்," என்றாள் அம்மா. "ஒரு கட்டி... ரெண்டு நாளைக்கு வரல."

"பேசாம படும்மா. மூச்சு வாங்குது."

"பேசாமத்தான்... இருக்கப் போறேனே."

எட்டு மாதம் என்று டாக்டர் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கு மகளுக்குப் பழக்கம்தான். புற்றுநோய் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் நோயாளிகளின் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. எட்டு மாதம் என்றால் பாதிப் பேர் அதற்குள் போய்விடுகிறார்கள், மீதிப் பேர் தாண்டுகிறார்கள், அவ்வளவுதான். இதை அம்மாவிடம் விளக்கியபோது, "அப்ப மீதிப் பாதியில எனக்கு ஒரு எடம் போட்டு வை" என்றாள், பஸ்ஸில் துண்டு போடச் சொல்கிறவள் மாதிரி. பதினான்கு மாத அரைத்தூக்கத்தில் மகளுக்கு இப்போது அழக்கூடத் தெம்பில்லை. சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று அன்று காலை நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே வைதுகொண்டாள்.

நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய். ஆஸ்பெஸ்டாஸ் தூசி உள்ளே போய், முப்பது நாற்பது வருஷம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்திருக்கும். அப்பா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் அறுக்கும் மெஷினில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். அம்மா அந்தக் கம்பெனி வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் அவர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார், படுத்தது அம்மா.

இப்படிப் படுத்த பெண்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி. வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கிறவள் போன மாதம் லீவில் இருந்ததால், அம்மாவின் படிவத்தை மகளே எடுத்து வந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் கேட்கக் கூடாது என்பது விதி. ஏன் அப்படி ஒரு விதி என்பது இருபத்தேழாவது கேள்வியில் விளங்கியது.

"ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்யறவங்க துணிய நீங்க வீட்ல தொவச்சதுண்டா?"

அப்பா எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரை ஒரு தடவை பார்த்தாள்.

"இல்ல. அவரு துணிய அவரே தொவச்சுக்குவாரு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன்! தினமும் சாயங்காலம் அம்மாதான் அவர் சட்டையைப் பின்வாசலில் நின்று நாலு உதறு உதறுவாள். வெள்ளைப் பொடி பறக்கும், அம்மா இருமுவாள், அப்புறம் வாளியில் போடுவாள். அது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"அம்மா..."

"சொன்னத எழுதுடி."

'இல்லை' என்று எழுதினாள். அப்பா பேப்பரைத் திருப்பவே இல்லை. மறுநாள் காலை தன் சட்டையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அன்றிலிருந்து வீட்டுத் துணி முழுக்க அவர் பொறுப்பு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்த 'இல்லை' மகளைத் தூங்கவிடவில்லை. ஆராய்ச்சியில் மொத்தமே நாற்பத்தொரு பெண்கள். தூசி சட்டையில் ஏறி வீட்டுக்கே வருகிறது என்பதற்கு அவர்கள்தான் சாட்சி. அம்மா மட்டும் 'காரணம் தெரியவில்லை' என்ற பக்கத்தில் கிடந்தாள். ஷீட் கம்பெனி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வீட்டிலோ எவளோ ஒருத்தி இன்றைக்கும் சட்டையை உதறிக்கொண்டிருப்பாள். திருத்திவிடலாம்தான். ஆனால் உங்களால்தான் என்று அப்பா முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடுமே!

விரிப்பை மாற்றிய அன்று பகல் பதினொன்றரை மணிக்கு அம்மா தண்ணீர் கேட்டாள். முதல் ஸ்பூன் உள்ளே போனது. அடுத்தது கடைவாயில் வழிந்தது.

"அப்பா! இங்க வாங்க."

ஈரக் கையோடு வந்து நின்றார். சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"போயிட்டாளா?"

"ம்."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் வந்து சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சித்திக்கும் பெரியப்பாவுக்கும் போன் போட்டாயிற்று. அவர்கள் வந்துசேர இரண்டு மணி நேரமாகும். சும்மா உட்கார முடியாமல் மகள் பையிலிருந்து அம்மாவின் படிவத்தை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் இறந்த தேதி ஏறிவிட்டால் படிவம் மூடப்படும், பிறகு எதையும் திருத்த முடியாது. பேனா அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது.

"அந்தப் பேப்பர்தானே?" என்றார் அப்பா.

"ஆமாம்ப்பா."

"துணி தொவைக்கறதப் பத்தி ஒண்ணு கேட்டியே. அதுல என்ன இருக்கு?"

"அம்மா சொன்னதுதான் இருக்கு."

அப்பா தன் விரல்களைப் பார்த்தார். தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"பொய்யாவது பொருந்தச் சொல்லத் தெரியுதா அவளுக்கு? நான் தொவச்சேனாம்! கேக்கறவன் கைகொட்டிச் சிரிப்பான்."

"இருக்கட்டும்ப்பா. உங்களுக்காகத்தான் அம்மா..."

"தெரியும். அவ மனசு நோகக் கூடாதுன்னுதான் நானும் வாயத் தொறக்கல. இப்ப எழுது. இருபத்திரண்டு வருஷம். வாரத்துல ஆறு நாள்."

மகள் 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினாள்.

"ஒதறுவாளான்னு கேக்கலியா?"

"அது அடுத்த கேள்விப்பா."

"ஒதறுவா. நான்தான் ஒதறச் சொன்னேன். அப்படியே போட்டா தண்ணி அழுக்காயிடும்னு."

அதையும் மகள் எழுதிக்கொண்டாள்.

அப்பா கையூன்றி எழுந்தார். கட்டிலுக்குக் கீழே கிடந்த விரிப்பை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். ஜன்னல் வழியாக மகள் பார்த்தாள். விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு உதறாமல், மடித்து மடித்து, மெதுவாக வாளித் தண்ணீருக்குள் இறக்கினார்.