நாவல்மரச் சந்தின் பேஜார்

எழுபத்திரண்டில் நான் மயிலாப்பூர் வாரப் பத்திரிகை ஒன்றில் நிருபர். ஐந்து கட்டுரைகள் வந்தாயிற்று. ஐந்தின் அடியிலும் ‘நமது நிருபர்’. ஆசிரியர் பத்ரிநாராயணனுக்கு என் பேரில்தான் தகராறு.

“இசக்கியம்மாள்னு போட்டா ஏதோ கிராமத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழான்னு நெனைச்சுண்டு பக்கத்தைப் புரட்டிடுவா. கமலஸ்ரீன்னு வெச்சுக்கோயேன்.”

“எங்கப்பா வச்ச பேரு சார். எங்க ஊர்ல தெருவுக்கு நாலு இசக்கி உண்டு.” எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“சரி சரி. மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து நாவல்மரச் சந்தைப் பத்தி எழுதிண்டு வா. அசந்துபோற மாதிரி இருந்தா உன் பேரையே போடறேன்.”

விடுவேனா? நூலகத்தில் உட்கார்ந்து தூசி தின்றேன். ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகருக்கு மனை பிரித்த கதையெல்லாம் கிடைத்தது, நாவல்மரச் சந்து மட்டும் கிடைக்கவில்லை. எரிச்சலோடு நேரிலேயே போய்விட்டேன்.

தெருக்குழாயடியில் குடங்கள் வரிசை. ரவிக்கைக்கு ஜரிகைப் பூ போடும் ஹாஜிரா பீதான் அங்கே பெரிய குரல். “இந்த இடம் முன்னே எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“அப்பவும் பேஜாரு, இப்பவும் பேஜாருதாம்மா!”

மெட்ராஸுக்கு நான் புதுசு. ‘பஜார்’ என்றுதான் என் காதில் விழுந்தது. அடடா, இது பழைய கடைவீதியா! கடை எங்கே என்று சுற்றிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. பட்டு வியாபாரி, முத்து வியாபாரி என்று பத்துப் பக்கம் விளாசிவிட்டேன்.

ஆசிரியர் படித்தார். “அங்க ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாதே! நான் சந்தைத்தானே எழுதச் சொன்னேன், சந்தையை இல்லையே!”

ஆபீஸே சிரித்தது. அழுகையை அடக்கிக்கொண்டு நேரே குழாயடிக்குப் போய் ஹாஜிரா பீயிடம் சண்டை பிடித்தேன். அவள் குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பஜாரு இல்லம்மா, பேஜாரு! தொல்லை! ரயிலுக்கு ஓடுற ஜனம் பூரா குறுக்கு வழின்னு இப்டித்தான் பூந்து போவுது. போன மாசம் ஒரு கல்யாண கோஷ்டி தாலி வாங்கிக்கினு வந்து வழி தப்பி என் வூட்டுக்குள்ள குந்திக்கினு கீது. டீ போட்டுக் குடுத்து அனுப்பிச்சேன். வேற இன்னா பண்றது?”

மற்றவர்களும் ஆளுக்கொரு பேஜார் சொன்னார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தனையையும் சொன்னவர்கள் பேரோடு எழுதினேன். முதல் வரியே ஹாஜிரா பீதான்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “பிரமாதம். ஆனா இந்தப் பேரெல்லாம் எதுக்கு? ‘ஒரு பெண்மணி’ன்னு போட்டாப் போறது.”

“அவ பேரு போனா கட்டுரையும் வேண்டாம், என் பேரும் வேண்டாம். குடுங்க சார்.” கையை நீட்டிவிட்டேன்.

“அம்மாடி, என்ன கோபம்! போட்டுத் தொலைக்கறேன், போ.”

இதழ் வந்த அன்று குழாயடியில் உரக்கப் படித்தேன். தன் பேர் வந்ததும் ஹாஜிரா பீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “இன்னொருவாட்டி படி” என்றாள். படித்தேன்.

“எல்லார் பேரும் கீதே, உன் பேரு இன்னாம்மா? நாங்க கேக்கவே இல்லியே.”

“இசக்கியம்மாள்.”

“போட்டாங்களா? எங்க, காட்டு.”

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் காட்டிய இடத்தில் ஈர விரலை வைத்து, எழுத்து எழுத்தாகத் தடவினாள். “இ… சக்கி… யம்மா. சோக்கா கீது பேரு” என்றாள். அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.